நிறுத்திய எட்டு மாதத்தை மறைக்காதீர்கள்: எச்.ஐ.வி.யோடு இருப்பவருக்கு எம்பொக்ஸ் சந்தேகம் வந்தால்

கொழும்பு வடக்கிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறோம். வயது 33. புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறார். 2019இல் எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தபோது சி.டி.4 எண்ணிக்கை, அதாவது எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் வெள்ளை இரத்த அணுக்களின் கணக்கு, 130. உடனே மருந்து தொடங்கி, ஒவ்வொரு இரவும் ஒரு குளிசை. இரண்டு வருடத்துக்கு முன் பார்த்தபோது சி.டி.4 540க்கு ஏறியிருந்தது. வைரஸ் பரிசோதனையில் தெரியாத அளவுக்கு அடங்கியிருந்தது. எட்டு மாதத்துக்கு முன் கொட்டாஞ்சேனையில் அக்கா வீட்டுக்குக் குடிவந்திருக்கிறார். லேபலை உரித்து, பிஸ்கட் டின்னுக்குள் ஒளித்துவைத்த மருந்துப் போத்தலை ஒருநாள் அக்காவின் மூன்று வயதுப் பிள்ளை எடுத்துக் கிலுகிலுப்பை மாதிரி ஆட்டிக்கொண்டு வந்ததாம். அன்றோடு குளிசையை நிறுத்திவிட்டார். கிளினிக்குக்கும் போகவில்லை. "உடம்பு நன்றாகத்தான் இருந்தது" என்று எழுதுகிறார்.

இப்போது நடந்தது இது. வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்த ஆண் நண்பர் ஒருவரோடு 12 நாட்களுக்கு முன் உறவு இருந்திருக்கிறது. ஆணுறை பாவித்திருக்கிறார்கள். திரும்பிப் போன நண்பர், தனக்கு எம்பொக்ஸ் (முன்பு குரங்கம்மை என்று சொன்னது) உறுதியாகிவிட்டது என்று செய்தி அனுப்பியிருக்கிறார். மூன்று நாட்களாக இவருக்குக் காய்ச்சல். தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறது. ஆணுறுப்பின் அடியில் இரண்டு, ஆசனவாய் ஓரத்தில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று என நான்கு பருக்கள். மலம் கழிக்கும்போது உயிர் போகிற நோவு. மணிக்கட்டில் இருப்பதை மட்டும் பார்த்த அக்கா, "அம்மாள் வந்திருக்கிறா" என்று வேப்பிலை கட்டி, மருந்து எதுவும் எடுக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். அக்கா ஆறு மாதக் கர்ப்பிணி.

அவருடைய கேள்விகள்: இது கொப்புளிப்பானாக இருக்க முடியாதா? போத்தலில் மிச்சமிருக்கும் 22 குளிசைகளை ஒரு நாளைக்கு இரண்டாக எடுத்தால் எதிர்ப்புச் சக்தி சட்டென்று ஏறுமா? ஐ.டி.எச். ஆஸ்பத்திரிக்குப் போனால் எச்.ஐ.வி. பற்றிச் சொல்லத்தான் வேண்டுமா? விஷயம் வீட்டுக்கும் பொலிசுக்கும் போகுமா? தடுப்பூசி போட்டால் தப்பலாமா? எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இது வந்தால் சாவு என்று இணையத்தில் வாசித்தேன், உண்மையா?

அன்புள்ள தம்பிக்கு,

உங்களுக்குத் தனியாக ஒரு சிறு பதில் ஏற்கனவே அனுப்பியாயிற்று. அதில் சொன்னதையே முதலில் திரும்பச் சொல்கிறேன்: இன்னும் போகவில்லை என்றால் இந்தக் கடிதத்தை வாசித்து முடிக்க முன்னரே வெளிக்கிடுங்கள். மிச்சத்தை வழியில் வாசிக்கலாம்.

அலுவலக நாள், பகல் நேரம் என்றால் கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் இருக்கும் உங்கள் பழைய கிளினிக்குக்கு முதலில் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போங்கள். உங்கள் கோப்பு அங்கேதான் இருக்கிறது. எட்டு மாதம் வராததற்கு யாரும் உங்களைத் துரத்தப் போவதில்லை. இரவு அல்லது விடுமுறை நாள் என்றால் நேரே அங்கொடையிலுள்ள தேசிய தொற்று நோயியல் நிறுவனம், அதாவது நீங்கள் சொல்லும் ஐ.டி.எச். பஸ்ஸில் போகாதீர்கள். முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, முகக்கவசம் போட்டு, மணிக்கட்டுப் பருவைச் சுத்தமான துணியால் மூடி, ஆட்டோவில் இரண்டு பக்கமும் திறந்து வைத்துப் போகலாம். வாசலிலேயே "எனக்குப் பருக்கள் இருக்கின்றன, எம்பொக்ஸ் உறுதியான ஒருவரோடு தொடர்பு இருந்தது" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வசனம் உங்களைப் பொது வரிசையில் உட்கார வைக்காமல் தனியே கூட்டிப்போகச் செய்யும்.

இது சாவு வருத்தமா?

நீங்கள் வாசித்தது பெரும்பாலும் 2023 பெப்ரவரியில் லான்செட் மருத்துவச் சஞ்சிகையில் வந்த ஆய்வைப் பற்றிய செய்தியாக இருக்கும். 382 பேரில் 27 பேர் இறந்தார்கள் என்பது அதிலுள்ள எண். செய்திகளில் விடுபட்டுப்போன விஷயம் வேறு: அந்த ஆய்வு எச்.ஐ.வி. உள்ள எல்லோரையும் பற்றியதல்ல. சி.டி.4 எண்ணிக்கை 350க்குக் கீழே இருந்தவர்களை மட்டுமே பொறுக்கி எடுத்துப் பார்த்தது. இறந்த 27 பேரும் 200க்குக் கீழே இருந்தவர்கள். அந்த எல்லைக்கு மேலே ஒருவர்கூட இறக்கவில்லை. தோல் கறுத்து அழுகும் பெரிய புண்கள் 100க்குக் கீழே இருந்தவர்களில் 54 சதவீதத்தினருக்கு வந்தன. 300க்கு மேலே இருந்தவர்களில் 7 சதவீதத்தினருக்கு. நுரையீரல் பாதிப்பு 29 சதவீதத்துக்கு எதிரே பூச்சியம்.

ஆகவே எச்.ஐ.வி. என்ற பெயரைக் கேட்டுப் பயப்படத் தேவையில்லை. அது அடங்கியிருக்கிறதா, அடங்காமல் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒழுங்காக மருந்து எடுத்து, வைரஸ் அடங்கி, சி.டி.4 நல்ல நிலையில் இருப்பவருக்கு எம்பொக்ஸ் வந்தால், எச்.ஐ.வி. இல்லாதவருக்கு வருவது போலவே இரண்டு முதல் நான்கு கிழமை நொந்துவிட்டு மாறும். அடங்காமல் இருந்தால் உடம்புக்கு அந்தப் பருக்களைக் கட்டுப்படுத்த ஆளில்லை. அவை ஒன்றோடொன்று சேர்ந்து பரவும், மாதக்கணக்கில் ஆறாமல் இருக்கும்.

நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று இப்போது யாருக்கும் தெரியாது. 540 என்பது இரண்டு வருடத்துக்கு முந்திய எண். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் வைரஸ் திரும்ப எழும்பிவிடும். அதன் பிறகு சி.டி.4 இறங்கும். முன்பு ஒரு தடவை 130 வரை விழுந்த ஒருவருக்கு இறக்கம் வேகமாகவே இருக்கும். உடம்பு நன்றாக இருந்தது என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் சி.டி.4 இறங்குவது உடம்புக்குத் தெரியாது. இரத்தத்தில் பார்த்தால்தான் தெரியும்.

கொப்புளிப்பான் இல்லையா?

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எம்பொக்ஸ் என்றே முதலில் எடுக்க வேண்டும். கொப்புளிப்பான் பெரும்பாலும் நெஞ்சிலும் முதுகிலும் தொடங்கும், கடிக்கும், மெல்லிய தோலுக்குள் தண்ணீர்த்துளி நிற்பது போல இருக்கும். ஒன்று காயும்போது பக்கத்தில் இன்னொன்று புதிதாக எழும்பும். எம்பொக்ஸ் பரு தோலுக்கு ஆழத்தில் இறுகி இருக்கும். விரலால் தொட்டால் உள்ளே ஒரு சிறு குண்டு உருளுவது போலத் தெரியும். நடுவில் தொப்புள் மாதிரி ஒரு குழி. கடியைவிட நோவு அதிகம். நெறி கட்டுவதும் எம்பொக்ஸின் பக்கம் பேசுகிற அடையாளம். உறவின்போது தோல் தோலோடு உரசிய இடங்களில் முதலில் வருவதும் அப்படியே. ஆணுறை பாவித்தும் எப்படி வந்தது என்று கேட்டிருந்தீர்கள். ஆணுறை மூடுகிற இடம் கொஞ்சம்; இந்தக் கிருமி மூடாத தோலிலிருந்து தொற்றும். தொற்றி 3 முதல் 21 நாட்களுக்குள் அறிகுறி வரும். உங்கள் காய்ச்சல் தொடங்கியது ஒன்பதாவது நாள்.

அதற்காகக் கண்ணால் பார்த்து முடிவு சொல்ல யாராலும் இயலாது. சிபிலிஸ், ஹேர்ப்பீஸ் இரண்டும் இதே இடத்தில் வரும், சேர்ந்தும் வரும். சி.டி.4 மிகக் குறைந்தவர்களுக்கு, நடுவில் குழி விழுந்த பரு கிரிப்டொகொக்கஸ் என்ற பூஞ்சணத்தாலும் வரலாம். அதனால்தான் பி.சி.ஆர். வேண்டும். இதற்கு இரத்தம் எடுப்பதைவிடப் பருவிலிருந்து எடுப்பதே சரியான முறை. பஞ்சுக்குச்சியால் பருவின் மேற்பரப்பை அழுத்தித் தேய்த்து எடுப்பார்கள், குறைந்தது இரண்டு மூன்று பருக்களிலிருந்து, வெவ்வேறு இடங்களிலிருந்து. பொருக்கு இருந்தால் அதையும் எடுப்பார்கள். நோகும், ஒரு நிமிட வேலை. மெதுவாகத் தொட்டு எடுத்தால் கிருமி போதாமல் "இல்லை" என்று தவறாக வந்துவிடும், ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு விடுங்கள். பரிசோதனை பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் நடக்கும். முன்கூட்டி வீட்டில் பருவைக் குத்தி உடைக்க வேண்டாம். மருந்தும் பூச வேண்டாம். மணிக்கட்டில் இருப்பதை மட்டும் காட்டிவிட்டு வராதீர்கள். வெட்கமாக இருக்கும் இடத்தைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும்.

அக்கா அம்மாள் என்று சொல்வதில் கோபப்பட ஒன்றுமில்லை. தனி அறை, தனிப் பாய், வருபவர் போபவரை நிறுத்துவது என்று அந்த வழக்கத்தில் இருக்கும் ஒதுக்கம் இப்போதைக்கு உங்களுக்கும் வீட்டுக்கும் நல்லதே. வாசலில் வேப்பிலை செருகுவதால் கெடுதி இல்லை. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் திறந்த புண்ணில் அப்புவது கூடாது. அதிலிருந்து பக்டீரியா உள்ளே போய்ச் சீழ் பிடிக்கும். தண்ணீர் வார்க்கும் வரை குளிக்காமல் இருப்பதும் கூடாது. மச்ச மாமிசம் நிறுத்த வேண்டாம், புண் ஆற முட்டையும் மீனும் பருப்பும் தேவை. மருந்து எடுக்கக்கூடாது என்பதை மட்டும் ஒருபோதும் ஏற்காதீர்கள்.

22 குளிசை

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். நல்ல எண்ணத்தோடு பெரும் பிழை நடக்கக்கூடிய இடம் இது.

இரண்டு குளிசை எடுத்தால் இரண்டு மடங்கு வேகம் வராது. நீங்கள் எடுத்துவந்தது டெனோஃபோவிர், லமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே குளிசை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்று போதுமான அளவுக்குத்தான் அது செய்யப்பட்டிருக்கிறது. இரண்டாக்கினால் சிறுநீரகத்துக்குப் பாரம், 11 நாளில் போத்தலும் காலி. திரும்பவும் இடையில் விட்டால் வைரஸ் மருந்துக்கு எதிராகத் தேறிக்கொள்ளும்.

ஒன்று ஒன்றாக எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். மருந்தைத் திரும்பத் தொடங்கத்தான் வேண்டும், அதுவும் சீக்கிரம். எம்பொக்ஸ் வந்திருக்கும் ஒருவர் எச்.ஐ.வி. மருந்தை இன்னும் தொடங்காதவராகவோ நீண்டகாலம் விட்டவராகவோ இருந்தால் தாமதிக்காமல் தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2025இல் சிபாரிசு செய்திருக்கிறது. ஆனால் சில விஷயங்களைப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும், தொடங்கிய பின் ஆள் கண்காணிப்பில் இருக்க வேண்டும். தலையிடி இருந்து, மூளையுறையில் கிரிப்டொகொக்கஸ் இருப்பது தெரிந்தால் எச்.ஐ.வி. மருந்தை நான்கு முதல் ஆறு கிழமை பிந்தித் தொடங்குவார்கள். முந்தினால் உயிருக்கு ஆபத்து. காசநோய் இருந்து ரிபாம்பிசின் எடுக்க நேர்ந்தால் டொலுடெக்ராவிர் அளவை மாற்ற வேண்டும். ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்தக் குளிசையில் உள்ள இரண்டு மருந்துகள் அதையும் அடக்கிவைப்பவை. விட்டபோது ஈரல் அழற்சி எழும்பியிருக்கலாம். இவற்றுக்கெல்லாம் வேண்டிய இரத்தத்தை ஒரே தடவையில் எடுப்பார்கள்: சி.டி.4, வைரஸ் அளவு, கிரிப்டொகொக்கஸ் அன்டிஜன், ஈரல், சிறுநீரகம், ஹெபடைடிஸ், சிபிலிஸ். நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுக்கலாம். சி.டி.4 200க்குக் கீழே என்றால் நிமோனியாவைத் தடுக்கக் கோட்ரைமொக்சசோல் குளிசையும் சேரும்.

இன்னொன்று. எதிர்ப்புச் சக்தி திரும்ப விழித்துக்கொள்ளும்போது, அதுவரை கவனிக்காமல் விட்ட கிருமி மீது ஒரேயடியாகப் பாயும். வீக்கம், காய்ச்சல், புண்கள் திடீரென்று மோசமாவது எல்லாம் அப்போது வரும். மேலே சொன்ன ஆய்வில் மருந்தைத் தொடங்கிய அல்லது மீண்டும் தொடங்கிய 85 பேரில் 21 பேருக்கு இது வந்திருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டது. அவர்களில் 12 பேர் இறந்தார்கள். இந்த எண்ணைப் பார்த்து "அப்படியென்றால் மருந்தே வேண்டாம்" என்று முடிவெடுப்பவர்கள் உண்டு. அது தலைகீழான முடிவு. ஏற்கனவே உடம்பு மிகவும் பழுதாகிப்போன நிலையில் வந்தவர்கள் அவர்கள். மருந்து தொடங்காமல் விட்டிருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று அந்த எண் சொல்லவில்லை. அது சொல்வதெல்லாம் தனியே, அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு தொடங்காதீர்கள் என்பதுதான்.

போத்தலைக் கையோடு கொண்டுபோங்கள். காலாவதித் திகதி, அடியில் கிடக்கும் ஈரம் உறிஞ்சும் பொதி, இவ்வளவு நாள் எங்கே வைத்திருந்தீர்கள் என்பதைப் பார்த்துவிட்டு அது தேறுமா என்று சொல்வார்கள். பெரும்பாலும் புதிய போத்தல் தருவார்கள். இலவசம். திரும்பத் தொடங்கிய பிறகு ஒரு சிறு கவனம்: கல்சியம், இரும்புச்சத்துக் குளிசை, நெஞ்செரிவுக்குக் குடிக்கும் அலுமினியம், மக்னீசியம் கலந்த மருந்து எல்லாம் டொலுடெக்ராவிரைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். எச்.ஐ.வி. குளிசையை அவற்றுக்கு இரண்டு மணித்தியாலம் முன்னர் அல்லது ஆறு மணித்தியாலம் பின்னர் எடுங்கள்.

சொல்லத்தான் வேண்டுமா?

ஆம். டொக்டரிடம் எச்.ஐ.வி.யைச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், எட்டு மாதம் விட்டதைச் சொல்லுங்கள். "எச்.ஐ.வி. இருக்கிறது, மருந்து எடுக்கிறேன்" என்று பாதியைச் சொல்வது, ஒன்றும் சொல்லாததைவிடவும் தவறான பாதையில் கொண்டுபோய் விடலாம். அப்படிச் சொன்னால் அவர்கள் அடங்கியிருக்கும் வைரஸ் என்று நினைத்துப் பனடோலும் ஓய்வும் எழுதி வீட்டுக்கு அனுப்பக்கூடும். நான்கு பருதானே என்று பார்க்கும் டொக்டரும், எட்டு மாத இடைவெளி என்று கேட்ட டொக்டரும் உங்களுக்கு எழுதும் பரிசோதனைகள் ஒன்றல்ல. உங்களைத் திரும்பக் கூப்பிடும் நாளும் ஒன்றல்ல.

யார் யாருக்குத் தெரியவரும்? எம்பொக்ஸ் சந்தேகம் சுகாதார மருத்துவ அதிகாரி பணிமனைக்கு அறிவிக்கப்படும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உங்களைத் தேடி வரலாம், தொடர்பில் இருந்தவர்கள் பற்றிக் கேட்கலாம். அவர் வருவது எம்பொக்ஸுக்காக. உங்கள் எச்.ஐ.வி. கோப்பு அவருக்குத் தேவையில்லை. வீட்டுக்கு வர முன்னர் உங்கள் கைத்தொலைபேசிக்கு அழைக்கும்படி ஆஸ்பத்திரியிலேயே கேட்டு எழுதிவையுங்கள். வாட்டில் மற்றவர் காதில் விழ உங்கள் எச்.ஐ.வி. பற்றிக் கேட்டால், "இதைத் தனியே கதைக்க வேண்டும்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

பொலிஸ் பற்றிய பயத்தை அர்த்தமற்றது என்று தள்ள மாட்டேன். ஒருபால் உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் சட்டப் புத்தகத்தில்தான் இருக்கின்றன. அவற்றால் எத்தனை பேர் வருத்தத்தோடு வீட்டுக்குள் முடங்குகிறார்கள் என்பது பெரும் கவலை. ஆனால் நீங்கள் யாரோடு உறவு வைத்தீர்கள் என்பதைப் பொலிசுக்கு அறிவிக்கும் கடமை எதுவும் உங்களுக்கு வைத்தியம் பார்க்கும் டொக்டருக்கு இல்லை. தொற்று எங்கிருந்து வந்தது, யாருக்குப் போயிருக்கலாம் என்பதற்காகத்தான் கேட்கிறார்கள். இந்த மூன்று நாட்களிலும் அதற்குச் சற்று முன்னரும் வேறு யாரோடாவது நெருக்கம் இருந்திருந்தால் மறைக்காதீர்கள். உங்கள் பெயரைச் சொல்லாமல் அவர்களுக்கு அறிவிக்கும்படி கிளினிக்கைக் கேட்கலாம். வேலைத்தலத்துக்கான மருத்துவச் சான்றிதழில் எச்.ஐ.வி. இடம்பெறக் காரணமே இல்லை, அதையும் வாய் திறந்து கேளுங்கள்.

அக்காவிடம் எச்.ஐ.வி. பற்றிச் சொல்வதா இல்லையா என்பது உங்கள் முடிவு. ஒரே வீடு, ஒரே கோப்பை, ஒரே மலசலகூடத்தால் அது தொற்றாது. எம்பொக்ஸ் சந்தேகத்தை அவவுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அக்காவும் பிள்ளையும்

கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் எம்பொக்ஸ் கடுமையாகலாம். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் போகலாம். ஆஸ்பத்திரியில் உங்களைத் தங்கவைத்தால் இந்தப் பிரச்சினை பெரும்பகுதி தீரும். "வீட்டில் கர்ப்பிணியும் மூன்று வயதுப் பிள்ளையும் இருக்கிறார்கள், தனி மலசலகூடம் இல்லை" என்று நீங்களாகவே சொல்லுங்கள். எங்கே வைத்துப் பார்ப்பது என்று தீர்மானிக்கும்போது அதைக் கணக்கில் எடுப்பார்கள்.

வீட்டுக்கு அனுப்பினால் அறையை விட்டு வெளியே வருவது மலசலகூடத்துக்கு மட்டும், பருக்களை மூடி, முகக்கவசத்தோடு. உங்கள் துவாய், படுக்கை விரிப்பு, கோப்பை, சவர்க்காரம் வேறு. பிள்ளை உங்கள் கட்டிலில் ஏறக்கூடாது. விரிப்பை உதறாதீர்கள், பொருக்கிலிருந்து கிருமி பறக்கும். அப்படியே சுருட்டிச் சுடுதண்ணீரிலும் சவர்க்காரத் தூளிலும் நீங்களே ஊறப்போடுங்கள், அக்கா தொட வேண்டாம். நீங்கள் பாவித்த பிறகு மலசலகூட இருக்கை, குழாய், கதவுப் பிடி மூன்றையும் துடையுங்கள்: 5 சதவீத பிளீச் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர், பத்து நிமிடம் விட்டுத் துடைக்கலாம். மலசலகூடம் கழுவும் அசிட்டோடு பிளீச்சைக் கலக்க வேண்டாம், நச்சுவாயு வரும். அக்கா தன் கர்ப்பிணிக் கிளினிக்கில் இதைச் சொல்லி, கடைசியாக உங்களோடு நெருங்கியிருந்த நாளிலிருந்து 21 நாட்கள் தன்னையும் பிள்ளையையும் காய்ச்சல், பரு வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

நோவுக்கு

ஆசனவாய் நோவைப் பலர் மூலம் என்று நினைத்து மருந்துக்கடைக் களிம்பு பூசுகிறார்கள். அவற்றில் சிலவற்றில் ஸ்டீரொய்ட் இருக்கும். அது இந்தப் புண்ணுக்குக் கூடாது. இளஞ்சூடான தண்ணீர் விட்ட பேசினில் பத்துப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள், நாளுக்கு இரண்டு மூன்று தடவை, எழுந்ததும் ஒற்றித் துடையுங்கள். பேசின் உங்களுக்கு மட்டும். மலம் இறுகாமல் இருக்க லக்டுலோஸ் பாணி கேளுங்கள். நோவுக்குப் பயந்து சாப்பிடாமல் இருந்தால் நிலைமை மோசமாகும். சிறுநீர் எரிந்தால் கழிக்கும்போதே இளஞ்சூடான தண்ணீரை ஊற்றிக்கொள்ளலாம். வாயில் புண் வந்தால் ஒரு கோப்பை தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, நாளுக்கு நாலு தடவை கொப்பளிக்கலாம். பனடோல் 500 மில்லிகிராம் இரண்டு, ஆறு மணித்தியால இடைவெளியில், ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் வேண்டாம்; ஈரல் பரிசோதனை சரியில்லை என்றால் டொக்டர் அதையும் குறைப்பார். அது கேட்காத நோவென்றால் தாங்கிக்கொண்டு கிடக்காதீர்கள், பலமான மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது. பரு உள்ள இடத்தைச் சவரம் செய்யாதீர்கள், கத்தி கிருமியைப் புதிய தோலுக்கு இழுத்துப்போகும்.

கீழ்வருவனவற்றில் ஒன்று வந்தாலும் இரவு பகல் பார்க்காமல் 1990 அம்புலன்சை அழைத்து, பரு இருப்பதையும் சொல்லுங்கள்: கண் சிவந்து நோவது அல்லது பார்வை மங்குவது, மூச்சு முட்டுவது, தாங்காத தலையிடி, கழுத்து இறுக்கம், குழப்பமாகக் கதைப்பது, தண்ணீர்கூட விழுங்க முடியாமை, சிறுநீர் அடைபடுவது, பருக்கள் ஒன்றுசேர்ந்து நடுவில் கறுப்பது, விட்ட காய்ச்சல் திரும்ப வருவது. இரண்டு கிழமைக்குப் பிறகும் புதுப் பரு எழும்பிக்கொண்டே இருந்தால் அதுவும் எதிர்ப்புச் சக்தி தோற்கிறது என்பதற்கான அடையாளம், அன்றே காட்டுங்கள்.

தடுப்பூசியும் மருந்தும்

தொடர்பு ஏற்பட்டு நான்கு நாட்களுக்குள், அறிகுறி இல்லையென்றால் 14 நாட்கள் வரை தடுப்பூசி போடுவது உண்டு. அறிகுறி வந்த பிறகு அது வேலை செய்யாது. ஆகவே இந்தத் தடவை உங்களுக்கு இல்லை. வேறு வாசகர்களுக்காக ஒன்று: எம்.வி.ஏ.-பி.என். என்ற தடுப்பூசியில் இருக்கும் வைரஸ் மனித உடம்பில் பெருகாது, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் போடலாம், 28 நாள் இடைவெளியில் இரண்டு ஊசி. பெருகக்கூடிய வைரஸ் உள்ள பழைய வகைத் தடுப்பூசிகள் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு ஆகாது. வெளிநாட்டில் போட வாய்ப்பு வந்தால் எந்த வகை என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டுங்கள்.

டெகோவிரிமட் என்ற குளிசையை இணையத்தில் விலை பேசியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காசை வைத்திருங்கள். 2024இல் முடிவு வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகளில், ஒன்று கொங்கோவில், மற்றது பல நாடுகளில், அது பருக்களைச் சீக்கிரம் ஆற்றவில்லை. எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்து நோய் கடுமையானவர்களுக்கு மருத்துவர்கள் இன்னும் அதை யோசிப்பதுண்டு. அது ஆஸ்பத்திரியில் எடுக்கவேண்டிய முடிவு. கொங்கோ ஆய்வில் ஒன்று மனதில் நிற்கிறது: மருந்து எடுத்தவர்கள், வெற்றுக் குளிசை எடுத்தவர்கள் இரு பகுதியிலும் சாவு அந்நாட்டில் வழமையாகக் காணப்படுவதைவிடக் குறைவாக இருந்தது. ஆஸ்பத்திரியில் வைத்து நீரும் உணவும் கொடுத்து, சீழ் பிடித்ததைக் கவனித்ததே வித்தியாசம்.

எப்போது முடியும்?

எல்லாப் பொருக்கும் உதிர்ந்து கீழே புதுத்தோல் மூடும் வரை நீங்கள் தொற்றவைக்கக்கூடியவர். நாளை எண்ணாதீர்கள், தோலைப் பாருங்கள். ஆசனவாயையும் வாயையும் டொக்டர் பார்த்துச் சொல்லட்டும். சி.டி.4 குறைந்திருந்தால் நான்கு கிழமையைத் தாண்டும் என்று கடை முதலாளியிடம் இப்போதே கொஞ்சம் நீட்டிச் சொல்லிவையுங்கள். அதுவரை உறவு வேண்டாம். ஆறிய பிறகும் 12 கிழமைக்கு ஆணுறை. எச்.ஐ.வி. அடங்கியிருப்பவரிடமிருந்து உறவின் மூலம் எச்.ஐ.வி. தொற்றாது என்பது உண்மை, ஆனால் எட்டு மாதமாக அது உங்களுக்குப் பொருந்தாது. நண்பரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். எம்பொக்ஸ் வந்த எவருக்கும் எச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டையும் பார்ப்பது வழக்கம் என்பதால் அவரிடம் சொல்ல அது ஒரு சுலபமான வழி.

குளிசையை விட்டதன் காரணம் மறதியல்ல, ஒளித்துவைக்க இடமில்லாதது. அதைக் கிளினிக்கில் அப்படியே சொல்லுங்கள், ஏனென்றால் அதற்கு வழி இருக்கிறது. கிழமைக்குரிய குளிசைப் பெட்டியில் விற்றமின் குளிசைகளோடு சேர்த்து வைக்கலாம். கடை மேசை லாச்சியில் பூட்டி வைத்துக் காலையில் எடுக்கலாம். இரவில்தான் எடுக்க வேண்டும் என்று இல்லை, தினமும் ஒரே நேரமாக இருந்தால் சரி. போத்தலின் கிலுகிலு சத்தத்துக்கு உள்ளே ஒரு துண்டுப் பஞ்சு வைத்தால் போதும். பிள்ளைக்கு எட்டாத உயரம் மட்டும் கட்டாயம்.

கொண்டுபோக வேண்டியவை: கிளினிக் அட்டை அல்லது இலக்கம், பழைய இரத்தப் பரிசோதனைத் துண்டுகள், அந்தப் போத்தல், நண்பர் அனுப்பிய செய்தி இருக்கும் தொலைபேசி, அதற்கு சார்ஜர், மாற்றுச் சாரம் இரண்டு. ஒரு கடதாசியில் நான்கு திகதிகளை எழுதிக்கொள்ளுங்கள்: கடைசிக் குளிசை எடுத்த நாள், நண்பரோடு இருந்த நாள், காய்ச்சல் தொடங்கிய நாள், முதல் பரு தெரிந்த நாள். வாய் வராவிட்டால் அந்தக் கடதாசியை நீட்டுங்கள்.